ஓவியச் சுவரில் வெள்ளைப் பொடி: என்ன பூசுவது என்பதற்கு முன்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். உங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள மண்டபச் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே வெள்ளைப் பொடி பூத்து, நிறம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மேல் வரிசையில் சில உருவங்களின் முகம் கறுத்திருக்கிறது. அடுத்த ஆண்டு குடமுழுக்கு. திருப்பணிக்குப் பேசியிருக்கும் ஒப்பந்தக்காரர், சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு முறை வார்னிஷ் அடித்தால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார். அது சரியா, இல்லையென்றால் வேறு என்ன பூசலாம் என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், "எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று குருக்கள் சொல்கிறார், எனக்கென்னவோ அதிகமாகிக்கொண்டே போவதாகத் தோன்றுகிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான். கண்ணில் படும் சேதம் என்றோ நடந்து முடிந்ததா, இன்றும் நடந்துகொண்டிருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் எதைப் பூசினாலும் குருட்டு வைத்தியம்.

சுவரோவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றுப் பல ஆண்டுகளாகக் கோயில்களில் வேலை செய்துவருகிறேன். ஆனால் உங்கள் சுவரை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் இணைத்திருக்கும் மூன்று கைபேசிப் படங்களும் நேர் வெளிச்சத்தில் எடுத்தவை. ஆகவே கீழே நான் "உறுதி" என்று சொல்வது சுண்ணம், உப்பு, தண்ணீர் ஆகியவற்றின் குணம் பற்றியது. உங்கள் சுவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சேதத்தையும் நடப்புச் சேதத்தையும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு எகிப்திலிருந்து ஓர் உதாரணம். பழங்கால மன்னன் துட்டன்காமனின் கல்லறைச் சுவர்களில் ஓவியங்களின் மேல் பழுப்புப் புள்ளிகள் நிறைய உண்டு. சுற்றுலாப் பயணிகளின் மூச்சு ஈரத்தால் அவை பெருகுகின்றனவோ என்று எகிப்திய அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். 2009இல் தொடங்கிய ஆய்வில், அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனத்தார், அகழ்வின்போது 1920களில் புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டன் எடுத்த படங்களை இன்றைய சுவரோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார்கள். ஒன்றுகூட வளரவில்லை. மரபணுச் சோதனையும் வேதியியல் சோதனையும் அவை நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற கறை என்றும், அந்த உயிர்கள் எப்போதோ செத்துவிட்டன என்றும் காட்டின. கறை நிறத்துக்குள்ளேயே ஊறியிருந்ததால் அதை அகற்றாமல் விட்டுவிட்டார்கள். பூஞ்சைக்கொல்லி அடித்திருந்தால் செத்ததைக் கொல்வதற்காக ஓவியத்தைத்தான் நனைத்திருப்பார்கள். அங்கே ஆய்வகக் கருவிகளுக்குச் சற்றும் குறையாமல் உதவியவை பழைய புகைப்படங்கள்.

உங்களுக்கும் முதல் வேலை அதுதான். ஊரில் யாருடைய வீட்டிலாவது அந்த மண்டபத்தில் எடுத்த கல்யாணப் படம், சஷ்டியப்தபூர்த்திப் படம், திருவிழாப் படம் இருக்கும். பின்னணியில் சுவர் தெரிகிறதா என்று தேடுங்கள். நான் பார்த்த வேலைகளில் மிகப் பயனுள்ள ஆவணங்கள் பல தடவை இப்படித்தான் கிடைத்தன. மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு யானையின் முழுத் தும்பிக்கையும் இருக்கும், இன்று பாதிதான் இருக்கும். அதோடு இன்றிலிருந்து ஒரே இடத்தில் நின்று, ஒரே தூரத்தில், அளவுகோல் ஒன்றை ஓரத்தில் வைத்து மாதம் ஒருமுறை படம் எடுங்கள். சுவரடியில் வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். வாரக் கடைசியில் அதில் விழுந்திருப்பதைத் தேதியும் இடமும் எழுதிய உறையில் போட்டு வையுங்கள். கூட்டிப் பெருக்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் குப்பைக்குப் போய்விடும்.

இன்னொன்று இரவில் செய்ய வேண்டியது. மண்டப விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைச் சுவரின்மேல் தவழவிடுங்கள். பகலில் சமமாகத் தெரியும் சுவர் அப்போது வேறு முகம் காட்டும். நிறத்தின் விளிம்புகள் வற்றிய குளத்துச் சேறுபோல் ஓரம் சுருண்டு நிற்பதும், ஒவ்வொரு பொருக்கும் ஒரு சிறு நிழல் போடுவதும் தெரியும். பொருக்கின் விளிம்பு கூர்மையாக, உடைந்த இடம் தூய வெள்ளையாக இருந்தால் உடைப்பு புதியது. விளிம்பு மழுங்கி, குழிக்குள் தூசியும் புகையும் படிந்திருந்தால் பழையது. இந்த ஒரு சோதனையிலேயே குருக்கள் சொல்வது சரியா, நீங்கள் நினைப்பது சரியா என்பதில் பாதி தெளிந்துவிடும். சுவரைத் தொட வேண்டாம். தொட்டுப் பார்க்கத் தோன்றும், தெரியும்; தொடாதீர்கள்.

இனி வெள்ளைப் பொடி. அது நோயல்ல, தண்ணீர் போன வழியைக் காட்டும் தடயம். சுவருக்குள் ஏறும் ஓதம், அதாவது தரையிலிருந்து வரும் ஈரம், மண்ணிலும் செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிப் படிகமாகிறது. சுவருக்கு வெளியே படிகமானால் மென்மையான மயிர்போலப் பூக்கும். பார்க்க அசிங்கம், ஆனால் சேதம் குறைவு. நிறத்துக்கும் சாந்துக்கும் நடுவில் படிகமானால்தான் ஆபத்து. அங்கே இடம் போதாமல் நிறத்தை வெளியே தள்ளிவிடும். சோடியம் சல்பேட் இதில் கொடியது. உலர்ந்த நிலையில் இருக்கும் அந்த உப்பு, வெப்பம் 32 டிகிரிக்குக் குறைவாக இருந்து ஈரமும் கிடைத்தால் தன் ஒவ்வொரு மூலக்கூறோடும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மடங்கு கன அளவுக்குப் போய்விடும். காய்ந்தால் மறுபடி சுருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் நிறம் கொஞ்சம் நகர்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பருவக் கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் நனைந்து கறுத்திருக்கும், எதுவும் உதிராது. எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். தை பிறந்து வெயில் ஏறி, காற்று உலர்ந்து, சுவர் காயத் தொடங்கும்போது பொடியும் பொருக்கும் விழத் தொடங்கும். அதனால்தான் ஊர்க்காரர்கள் மழையைக் குறை சொல்வதில்லை, வெயிலைக் குறை சொல்கிறார்கள். உங்கள் படங்கள் மாசியில் எடுத்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசியில் ஒருமுறை எடுத்து ஒப்பிடாமல் முடிவுக்கு வர முடியாது.

இப்போது என் முக்கியமான ஊகம். உங்கள் இரண்டாவது படத்தில் ஓவியத்துக்குக் கீழே இடுப்பு உயரம் வரை சாம்பல் நிறப் பூச்சு ஒன்று தெரிகிறது. அது சிமெண்ட் என்றே நினைக்கிறேன். முந்தைய திருப்பணியில் சுவரடி பெயர்ந்திருப்பதைப் பார்த்து யாரோ நல்லெண்ணத்தோடு பூசியிருப்பார்கள். சுண்ணச் சாந்து மூச்சு விடும். ஏறிய ஓதம் அதன் வழியே தரைக்குப் பக்கத்திலேயே ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. தண்ணீர் நிற்காது, அடைப்புக்கு மேலே எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வரும். உங்கள் கோயிலில் அந்த இடத்தில்தான் ஓவியம் தொடங்குகிறது. போதாக்குறைக்கு சிமெண்ட்டே சோடியம், பொட்டாசியம் உப்புகளைச் சுவருக்குத் தானம் செய்கிறது. பொடி சிமெண்ட்டின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு பட்டையாக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஓடினால் என் ஊகம் வலுக்கிறது. சிமெண்ட் இல்லாத எதிர்ச்சுவரில் இதே உயரத்தில் பொடி இருந்தால் ஊகம் தளர்கிறது, வேறு காரணம் தேட வேண்டும்.

பிராகாரத் தளத்தையும் பாருங்கள். பல கோயில்களில் பழைய தளத்தின்மேலேயே புதிய கல்லோ சிமெண்டோ போட்டுப் போட்டு வெளித்தளம் மண்டபத் தரையைவிட உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் சுவரை நோக்கி ஓடுகிறது. மண்ணிலிருந்து ஆவியாகிப் போக வேண்டிய ஈரத்துக்கும் சுவர் ஒன்றுதான் மிச்சம். மேல்தளத்தில் தூம்பு, அதாவது மழைநீர் வெளியேறும் வழி, அடைபட்டிருக்கிறதா, தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்க ஒரு கொத்தனார் போதும். தினமும் மண்டபத்தைக் கழுவிவிடும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். ஓவியம் சம்பந்தப்படாத வேலைகள்போல் இவை தோன்றும். என் அனுபவத்தில் ஓவியத்தைக் காப்பாற்றும் செலவில் பெரும்பகுதி இவற்றுக்குத்தான் போக வேண்டும், போவதில்லை.

உப்பு எது என்று தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு பிடி கிடைக்கும். தாளில் விழுந்த பொடியை, சுவரிலிருந்து சுரண்டியதை அல்ல, ஒரு சிட்டிகை எடுத்து பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் போடுங்கள். முழுக்கக் கரைந்தால் கரையும் உப்பு. கரையாமல் அடியில் நின்று, வினிகர் விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு, அதாவது சாந்தே பொடிந்து விழுகிறது. இரண்டுமில்லாமல் அசையாது கிடந்தால் ஜிப்சமாக இருக்கலாம், வெறும் மணலாகவும் இருக்கலாம். கரைந்த நீரில் நைட்ரேட், குளோரைடு, சல்பேட் காட்டும் சோதனைத் தாள்களை நனைத்துப் பார்க்கலாம். நைட்ரேட் மிகுந்திருந்தால் வௌவால் எச்சம், மாட்டுக் கொட்டில், கழிவுநீர் இவற்றைச் சந்தேகிக்க வேண்டும். சல்பேட் என்றால் சிமெண்ட்டும் ஜிப்சமும். குளோரைடு என்றால் கடற்காற்று, உவர் நிலம், உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீர். இதெல்லாம் துப்பு மட்டும்தான், தீர்ப்பல்ல. பெரும்பாலான சுவர்களில் எல்லா உப்பும் கலந்தே இருக்கும். கலந்த உப்பு தனி உப்பின் விதிப்படி நடப்பதில்லை.

ஓதம் ஏறாமலே உப்பு சேதம் செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எல்லாப் பழியையும் சிமெண்ட் மேல் போட்டவனாவேன். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். சீனாவின் துன்ஹுவாங்கில், மோகாவோ பௌத்த ஓவியக் குகைகளில் 85ஆவதில் நடந்தது இதுதான். பாலைவனக் குகைதான், ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் கோடை மழைக்கால ஈரக்காற்று உள்ளே புகுந்து சுவரிலிருந்த உப்பை எழுப்பிவிட்டது. உங்கள் ஊர் கடற்கரைப் பக்கமா என்று நீங்கள் எழுதவில்லை. மண்டபத்துக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவோ ஏசியோ போட்டிருந்தால் அதையும் தெரிவியுங்கள்.

கறுத்த முகங்களுக்கு வருகிறேன். கருமைக்கு நான்கைந்து காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு வடிவத்தில் பரவும். எண்ணெய் விளக்கின் புகை விளக்கு மாடத்துக்கு மேலே அடர்ந்து, போகப் போக மெலியும். பாசியும் பூஞ்சையும் ஈரத்தைப் பின்தொடரும். சித்திரக்காரன் போட்ட கோட்டை அவை மதிப்பதில்லை, முகம், கிரீடம், பின்புலம் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி படரும். பழைய வார்னிஷ் வழிந்த தடமும் தூரிகை நின்ற விளிம்பும் காட்டும். உங்கள் மூன்றாவது படத்தில் நான் கவனித்தது வேறு: கருமை முகத்தின் புறக்கோட்டோடு சரியாக நின்றுவிடுகிறது, பக்கத்திலுள்ள மஞ்சள் கிரீடம் பளிச்சென்று இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் கறுத்திருக்கிறது என்றால் அந்த நிறமே வேதியியல் மாற்றம் அடைந்திருக்கலாம். ஈய வெள்ளையும் ஈயச் செந்தூரமும் சுவரில் காலப்போக்கில் கரும்பழுப்பு ஈய ஆக்சைடாக மாறக்கூடியவை. இத்தாலியின் அசிசியில் ஓவியர் சிமாபுவே 13ஆம் நூற்றாண்டில் வரைந்த சிலுவைக் காட்சி இப்படித்தான் வெள்ளை கறுத்து, புகைப்பட நெகட்டிவ் போல் நிற்கிறது. அப்படியானால் உங்கள் முகங்களின் மேல் அழுக்கே இல்லை. கழுவினால் வெளியே வருவதற்கு அடியில் வெள்ளை முகம் எதுவும் கிடையாது. தேய்க்கத் தேய்க்கக் கருமையோடு முகமே போகும். ஈயம்தானா என்பதை மாதிரி எடுக்காமலே எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி சில நிமிடங்களில் காட்டிவிடும். கைபேசிப் படத்தை வைத்து நான் சத்தியம் செய்யமாட்டேன்.

கழுவலாமா என்பதற்கு வேறொரு காரணத்தாலும் இப்போது பதில் இல்லை. நிறத்தைச் சுவரோடு பிடித்திருப்பது எது என்பது தெரியாது. ஈரச் சுண்ணத்தின்மேல் வரைந்தால் சுண்ணமே காற்றின் கரியமில வாயுவை வாங்கிக் கெட்டியாகி நிறத்தைப் பிணைக்கும், ஓரளவு தண்ணீரைத் தாங்கும். காய்ந்த சுவரில் பசையோ பிசினோ கலந்து வரைந்தது தண்ணீர் பட்டால் கரைந்து வரும். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை 1930களில் ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், அவை ஈரச் சுண்ணத்தில் வரைந்தவை என்று முடிவுக்கு வந்தார். அந்த முடிவைத் தமிழ்நாட்டின் எல்லாச் சுவருக்கும் நீட்டிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒரே சுவரில் காவிக் கோடு ஈரச் சுண்ணத்திலும், பச்சையும் நீலமும் பின்னால் பசை கலந்தும் போட்டிருக்கக்கூடும். சோப்பு இன்னும் மோசம். அதன் சோடியம் சுவருக்குள் தங்கி, இருக்கும் உப்போடு சேர்ந்துகொள்ளும்.

வார்னிஷ் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஈரமும் உப்பும் உள்ள சுவரில் படலம் போட்டால் உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகும். படலம் உரியும்போது நிறத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். காய்ந்த சுவரிலும் அது நல்லதல்ல. அஜந்தாவில் 19ஆம் நூற்றாண்டில் படியெடுத்தவர்கள் வார்னிஷ் பூசினார்கள். 1920களில் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள் அரக்குக் கரைசல் பூசினார்கள். இரண்டும் மஞ்சளித்துக் கறுத்தன, அவற்றை அகற்றுவதற்கே பிற்காலத்தில் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அவர்களெல்லாம் தேர்ந்தவர்கள். உங்கள் ஒப்பந்தக்காரர் மரக்கதவுக்கு அடிக்கும் வார்னிஷைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றிலும் அவசரமான ஒன்று உண்டு. சாந்து கல்லை விட்டுப் பிரிந்து பொள்ளலாக நிற்கிறதா? பயிற்சி பெற்றவர் விரல் முட்டியால் மெல்லத் தட்டி, ஒலி கெட்டியாக இருக்கிறதா, பொக்கென்று இருக்கிறதா என்று கேட்டு, பொள்ளலின் எல்லையை வரைபடத்தில் குறிப்பார். நீங்கள் தட்ட வேண்டாம். டார்ச் ஒளியில் சுவர் எங்கே வயிறு தள்ளி நிற்கிறது, விரிசல் எங்கே வாய் திறந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பொருக்கு மாதக்கணக்கில் உதிரும். பொள்ளல் ஒரு மேளச் சத்தத்தில், ஒரு சாரக் கழி இடித்ததில், ஒரு சதுர அடியாக ஒரே நொடியில் விழும். அப்படி விழுந்த இடத்தில் அடியில் இன்னொரு நிறம் தெரிந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். தஞ்சையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டதும், மேலுள்ளது பெயர்ந்திருந்த இடத்தில்தான்.

வல்லுநர் வந்தால் அவர் என்ன செய்கிறார் என்பதை நீங்களும் கவனிக்கலாம். வந்தவுடன் பஞ்சும் புட்டியும் எடுத்தால் அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். முதலில் கோயிலைச் சுற்றி வந்து, மேல்தளம் ஏறி, மழைநீர் போகும் வழியைக் கேட்பவரை நம்பலாம். ஊசி குத்தும் ஈரமானியை மட்டும் காட்டி அளவு சொன்னால் ஏற்காதீர்கள். உப்புள்ள சுவரில் அந்தக் கருவி ஈரம் இல்லாமலே ஈரம் காட்டும். ஓவியம் இல்லாத இடத்தில் துளையிட்டு, வெவ்வேறு ஆழத்துப் பொடியை எடை போட்டு, 105 டிகிரியில் காயவைத்து மறுபடி எடை போடுவதே நம்பகமான வழி. புற ஊதா விளக்கில் பழைய அரக்குப் பூச்சு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதையும் செய்யச் சொல்லுங்கள், முந்தைய திருப்பணியில் யார் எதைப் பூசினார்கள் என்பது அதில் தெரியவரலாம்.

குடமுழுக்குத் தேதியை நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்குள் செய்யக்கூடியது: மேல்தளக் கசிவு, தூம்பு, பிராகார வாட்டம் மூன்றையும் வரும் ஐப்பசிக்கு முன் சரிசெய்யுங்கள். சிமெண்ட்டை உளி வைத்து உடைக்க இப்போதே ஆரம்பிக்காதீர்கள். அதிர்வில் மேலே உள்ள ஓவியம் விழும். ஓவியத்தின் அடிவிளிம்பைப் பயிற்சி பெற்றவர் பிணைத்த பிறகே அதைச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். கோயில் அறநிலையத் துறையைச் சேர்ந்தது என்றால் வல்லுநர் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓவியச் சுவரில் கைவைக்க முடியாது. ஒப்பந்தக்காரரிடம் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சாரம் கட்டும்போது கழி சுவரில் சாயாமல் ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பவர்களுக்கு ஓவியத்தின் எல்லையைக் கயிறு கட்டிக் காட்டுங்கள். சுவரில் டேப் ஒட்ட வேண்டாம். யாகசாலைப் புகை மண்டபத்துக்குள் வராத திசையில் குண்டங்களை அமைக்க முடியுமா என்று குருக்களிடம் இப்போதே பேசி வையுங்கள். இரவில் எடுத்த பக்கவொளிப் படங்கள் கிடைத்ததும் இங்கே பதிவிடுங்கள், சிமெண்ட்டின் மேல் விளிம்பும் எதிர்ச்சுவரும் அவற்றில் இருக்கட்டும்.